சிறு குழந்தைகளுக்கு எண்ணக் கற்பித்தல்

ஓர் ஊரின் செல்வத்தைக் கணக்கெடுக்குங்கால், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கிணறுகள் எத்தனை, கறவை மாடுகள் எத்தனை என்று பட்டியல் இடுகிறோம். அவ்வூரின் மூன்று வயதுக் குழந்தையும் நான்கு வயதுக் குழந்தையும் எந்த அளவுக்கு எண்ண அறிந்திருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விளைச்சலை அளப்பதற்கும், கூலியைச் சரிபார்ப்பதற்கும், கடனுக்கு வட்டி கணிப்பதற்கும், உரத்தையும் பூச்சி மருந்தையும் அளவறிந்து இடுவதற்கும் கணக்கறிவு இன்றியமையாதது. அவ்வறிவுக்கு அடித்தளம் பள்ளிக்கூடத்தில் இடப்படுவதாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது அதற்கு முன்னரே, வீட்டுத் திண்ணையிலும் களத்து மேட்டிலும் அங்கன்வாடியிலும் இடப்பட்டு விடுகிறது. அவ்வடித்தளத்தை ஊரார் எவ்வாறு செம்மையாக இடலாம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் செய்த பிழை

முதற்கண், நாமே செய்த ஒரு பிழையைக் கூறிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆகஸ்டு 15ஆம் நாள் நடைபெற்ற ஒரு கிராம சபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூட்டம் தொடங்குமுன் அங்கன்வாடிக் குழந்தைகளை அழைத்து நிறுத்தினர். ஏறத்தாழ ஐந்து வயதுள்ள ஒரு சிறுவன் ஒன்று முதல் நூறு வரை தங்குதடையின்றி ஒப்பித்தான். சபையோர் கைதட்டினர். நாமும் மகிழ்ந்து அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பரிசளித்தோம். அடுத்து வந்தவள் நாலரை வயதுச் சிறுமி. அவள் பன்னிரண்டு வரை சொல்லி, பதின்மூன்றில் நின்றுவிட்டாள். மீண்டும் தொடங்கினாள், மீண்டும் அங்கேயே நின்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நாம் அதைத் தடுக்கவில்லை. சிறுமி ஓடிச் சென்று தன் பாட்டியின் சேலைக்குப் பின்னே ஒளிந்துகொண்டாள்.

பத்து நாட்களுக்குப் பின் அதே ஊரின் அங்கன்வாடியைப் பார்வையிடச் சென்றோம். பரிசு பெற்ற சிறுவன் இருந்தான். அங்கன்வாடிப் பணியாளர் அவன் முன்னே ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டைகளை வைத்து, “தம்பி, ஐயா கையில் ஐந்து கொட்டை எடுத்துக் கொடு” என்றார். சிறுவன் இரு கைகளாலும் அள்ளி, ஒரு பிடியை நம் கையில் கொட்டினான். “ஐந்துதான் இருக்கிறதா?” என்று கேட்டபோது, “ஆமாம்” என்று உறுதியாகத் தலையசைத்தான். நாம் எண்ணிப் பார்த்தோம், பதினேழு இருந்தன.

“அந்தச் சிறுமி எங்கே?” என்று வினவினோம். கூட்டத்திற்குப் பிறகு அவள் வருவதே இல்லை என்றார் பணியாளர். பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், நாம் என ஐவரும் அவள் வீட்டுக்குச் சென்றோம். பாட்டி திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். “எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம், ஐயா. எனக்குக் கணக்கு வராது, இனிமே போக மாட்டேன்னு அழுகுது” என்றார். நமக்கு மறுமொழி கூற வாயில்லை. பின்னர் அவர் உள்ளே திரும்பி, “கண்ணு, வந்தவங்களுக்கு ஆளுக்கொரு கொய்யாப்பழம் எடுத்தா” என்று குரல் கொடுத்தார். கதவின் பின்னிருந்து ஒரு சிறு முகம் எட்டிப் பார்த்தது. அக்கண்கள் ஒவ்வொருவர் மீதும் ஒரு முறை நின்று நகர்ந்தன. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சற்று நேரத்தில் சிறுமி பாவாடை மடியில் பழங்களைச் சுமந்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். ஐந்து பழங்கள், ஐந்து பேர். மடியில் மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

எண்ணத் தெரிந்த குழந்தையைச் சிரித்து விரட்டிவிட்டு, எண்ணத் தெரியாத குழந்தைக்கு எண்ணியதற்காகப் பரிசளித்திருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் நமக்குப் புலப்பட்டது. சிறுவனிடம் குறையொன்றும் இல்லை. நூறு பெயர்களை வரிசை பிறழாமல் மனத்தில் நிறுத்துவது நல்ல நினைவாற்றலே. அப்பெயர்களைப் பொருள்களோடு சேர்க்க அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. குறை, கேட்டவர்களாகிய நம்மிடமே இருந்தது.

எண்ணுதல் என்பது யாது?

எண்ணுதல் ஒரே செயல் போலத் தோன்றினும், அதனுள் பல திறன்கள் அடங்கியுள்ளன. 1978ஆம் ஆண்டில் ரோசல் கெல்மன், காலிஸ்டல் என்னும் உளவியல் அறிஞர்கள் இருவர், குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி எழுதிய நூலில் இவற்றை ஐந்தாக வகுத்தனர்.

முதலாவது, ஒரு பொருளுக்கு ஓர் எண்ணே சொல்ல வேண்டும். எதையும் விடவும் கூடாது, இருமுறை எண்ணவும் கூடாது. இரண்டாவது, எண்ணுப் பெயர்களை எப்பொழுதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். மூன்றாவது, இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்று அறிய வேண்டும். நான்காவது, கல்லாயினும் கன்றாயினும் கோயில் மணியோசையாயினும் எதையும் எண்ணலாம் என்று உணர வேண்டும். ஐந்தாவது, வலமிருந்து எண்ணினாலும் இடமிருந்து எண்ணினாலும் தொகை மாறாது என்று தெளிய வேண்டும்.

நாம் மேலே கூறிய சிறுவன் இவற்றுள் இரண்டாவதை மட்டும் கைவரப் பெற்றிருந்தான். நம் ஊர்களில் பெற்றோர் பெருமையுடன் கேட்டு மகிழ்வதும் பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான்.

“ஐந்து எடுத்துக் கொடு” என்று கேட்பதே சரியான சோதனை. காரென் வின் என்னும் ஆராய்ச்சியாளர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இம்முறையைக் கையாண்டார். வரிசையாக எண்ணத் தெரிந்த குழந்தைகளுட் பலர், கேட்ட தொகையை எடுத்துக் கொடுக்க இயலாமல் ஓர் அள்ளு அள்ளிக் கொடுத்தனர். குழந்தை முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருளை அறிகிறது, சில மாதங்கள் சென்று ‘இரண்டு’, பின்னர் ‘மூன்று’. அதன் பிறகு, பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு வயதுக்குள், எண்ணுதலின் நுட்பம் முழுவதும் விளங்கி விடுகிறது. இவ்வளர்ச்சிக்குக் காலம் தேவை. நெற்பயிர் தூர் கட்டுமுன் கதிரை எதிர்பார்ப்பவர் எவரும் இலர். குழந்தையிடத்தும் அதே பொறுமை வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க பாடம்

இப்பாடத்திற்குப் புத்தகமோ பணமோ தேவையில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடமும் சில பொருள்களும் போதும். படிகள் வருமாறு:

முதற்படி, ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல். எண்ணுப் பெயர்களைக் கற்பிக்குமுன் இதைத் தொடங்கலாம். சாப்பிட உட்காரும் ஒவ்வொருவர் முன்னும் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆட்டுக்குட்டிக்கும் ஒரு கைப்பிடி அகத்திக்கீரை வைக்கச் சொல்லுங்கள். நிலக்கடலை ஊன்றிக் காட்டும்போது ஒரு குழிக்கு ஒரு கடலை இடச் சொல்லுங்கள். தட்டு மிஞ்சியதா, ஆள் மிஞ்சியதா என்று கேளுங்கள். மிகுதி, குறைவு, சமம் என்னும் மூன்று கருத்துகளும் இதில் தாமே விளங்கும்.

இரண்டாம் படி, தொட்டு எண்ணுதல். ஐந்துக்கு மேற்படாத பொருள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டு நகர்த்தி ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டே எண்ணச் செய்யுங்கள். எண்ணிய பொருள் எண்ணாத பொருளோடு கலவாதிருப்பதால் குழந்தை தவறுவது குறையும். வாய் விரைந்து ஓட, விரல் பின்தங்குவது இப்பருவத்தின் இயல்பு. அப்பொழுது கடிந்துகொள்ளாமல், குழந்தையின் விரலைப் பிடித்து மெல்ல நடத்துங்கள்.

மூன்றாம் படி, தொகை கூறல். எண்ணி முடித்தவுடன், “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். குழந்தை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், இறுதி எண்ணே தொகை என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை என்று அறியலாம். “ஒன்று, இரண்டு, மூன்று, ஆக, மூன்று எலுமிச்சம்பழம்” என்று நாமே பலமுறை சொல்லிக் காட்டுதல் வேண்டும். பின்னர், “எனக்கு மூன்று கொடு” என்று கேளுங்கள்.

நான்காம் படி, மாற்றி அடுக்குதல். ஐந்து கற்களை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு அவற்றையே அகலப் பரப்பி, “இப்பொழுது எத்தனை?” என்று கேளுங்கள். பரப்பியதும் கற்கள் பெருகிவிட்டதாகவே நான்கு வயதுக் குழந்தைகளுட் பலர் கருதுவர். அறிஞர் பியாஜே இதைத் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். “இல்லை, தவறு” என்று கூறாமல், மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்வதே நல்ல வழி. குழந்தை தானே கண்டறிந்தது மறவாது.

ஐந்தாம் படி, பார்த்தவுடன் சொல்லுதல். மூன்று புள்ளிகளை நாம் எண்ணுவதில்லை. கண்ட மாத்திரத்தில் மூன்று என்கிறோம். இத்திறனைத் தாயக்கட்டைப் புள்ளிகளைக் கொண்டும், வாசற் கோலத்தின் புள்ளிகளைக் கொண்டும் வளர்க்கலாம். கோலமிடும் தாய், “முதல் வரிசையில் ஐந்து புள்ளி, அடுத்த வரிசையில் நான்கு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புள்ளி வைத்தால், அருகில் நிற்கும் குழந்தைக்கு அதுவே காலைப் பாடமாகும்.

எப்பொருள்களைத் தவிர்க்க வேண்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கிடைத்ததை வாயிலும் மூக்கிலும் காதிலும் இட்டுக்கொள்வர். அவர்களுக்குப் புளியங்கொட்டை, கடலை, சோழி போன்ற சிறு பொருள்களைத் தரலாகாது. கொட்டாங்கச்சி, எலுமிச்சம்பழம், கரண்டி, மக்காச்சோளக் கட்டை ஆகியவை போதும். மூத்த குழந்தைகளும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதுதான் சிறு விதைகளைக் கையாள வேண்டும்.

குன்றிமணி கண்ணைக் கவரும் அழகுடையது. ஆனால் அதனுள் கொடிய நஞ்சு உள்ளது. ஆமணக்கு விதையும் அத்தகையதே. இவ்விரண்டையும் எவ்வயதுக் குழந்தையிடத்தும் கொடுத்தல் ஆகாது. மருந்து கலந்து விதைநேர்த்தி செய்து வைத்த விதைகளையும், பூச்சி மருந்துப் புட்டிகளின் மூடிகளையும் எண்ணுவதற்கென்று எடுத்துத் தரவே கூடாது.

எண்ணுருக்களை அறியச் செய்தல்

ஐந்து பொருள்களை எண்ணி எடுத்துக் கொடுக்கத் தெரிந்த பின்னரே 1, 2, 3 என்னும் எண்ணுருக்களை அறிமுகம் செய்தல் நலம். அதற்கு முன் கற்பித்தால், அவை குழந்தைக்கு வெறும் கோடுகளே. பொருள், சொல், உரு என்ற வரிசையே சிறந்தது.

ஒரு நாளைக்கு ஓர் எண்ணுக்கு மேல் வேண்டா. அட்டையில் 3 என்று பெரிதாக எழுதி, அதன் கீழ் மூன்று புள்ளிகள் இடுங்கள். குழந்தை மூன்று கற்களைக் கொண்டு வந்து அட்டையின் மீது வைக்கட்டும். 1 முதல் 5 வரை தெளிந்த பின் 6 முதல் 9 வரை செல்லலாம். 6ஐயும் 9ஐயும் குழந்தைகள் மாற்றிச் சொல்வதும், 3ஐ இடவலமாகத் திருப்பி எழுதுவதும் இயல்பே. ஆறு, ஏழு வயதளவில் பெரும்பாலும் இவை மறைந்து போகும். அட்டையின் அடியில் ஒரு கோடு இட்டால் 6, 9 குழப்பம் குறையும்.

சுழியத்தைத் தனியே கற்பிக்க வேண்டும். தட்டில் மூன்று கொய்யாப்பழம் வைத்து ஒவ்வொன்றாகத் தின்னக் கொடுத்து, இறுதியில் வெறுந்தட்டைக் காட்டி, “ஒன்றுமில்லை, அதற்கு அடையாளம் 0” என்றால், எளிதில் விளங்கும்.

எழுதுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. மூன்று வயது விரல்களில் பென்சிலைத் திணித்து, 1 முதல் 100 வரை எழுதுமாறு வற்புறுத்துவது, முற்றாத காயைக் கல்லால் அடித்து வீழ்த்துவது போலாகும். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் செய்தனர். அம்முறை இன்றும் பயனுடையதே. தவறினால் கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்; அடித்தலும் இல்லை, அழுகையும் இல்லை. இதற்கிடையே, வீட்டுக் கதவிலக்கம், பேருந்தின் எண், நாட்காட்டித் தாள், நாணயம் ஆகியவற்றைக் கண்ட இடத்தில் காட்டிப் படிக்கச் செய்யலாம்.

பத்துக்கு மேல் வரும் முடிச்சுகள்

சிறுமி பதின்மூன்றில் நின்றதற்குக் காரணம் உண்டு. தமிழில் இருபதுக்கு மேல் எண்ணுப் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே. ஆனால் பத்துக்கும் இருபதுக்கும் இடையே ‘பத்து’ என்னும் சொல் பல வடிவம் கொள்கிறது. பதினொன்றில் அது ‘பதின்’ ஆகிறது. பன்னிரண்டில் ‘பன்’ ஆகிறது. பத்தொன்பதில் மீண்டும் ‘பத்து’ ஆகிறது. குழந்தை தடுமாறும் இடம் இதுவே.

ஒன்பதின் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒன்பது, ஐம்பது, எண்பது ஆகிய மூன்றும் குழந்தையின் செவிக்கு ஏறத்தாழ ஒரே ஓசை தருவன. எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு. அதில் ‘நூறு’ என்னும் ஒலி இருந்தும் அது நூறன்று. அதுபோலவே தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ இருந்தும் அது ஆயிரமன்று. இருபத்தொன்பதுக்கு அடுத்து ‘இருபத்துப் பத்து’ என்று சொல்லும் குழந்தையைப் பார்த்து நகைத்தல் தகாது. வரிசையின் ஒழுங்கைக் கண்டுகொண்ட குழந்தையே அவ்வாறு சொல்லும். “ஆம், இருபதும் பத்தும் சேர்ந்தால் முப்பது” என்று எடுத்துச் சொன்னால் போதுமானது.

இம்முடிச்சுகளை அவிழ்க்க ஈர்க்குக் குச்சிகளே சிறந்த கருவி. பத்துக் குச்சிகளை எண்ணி நாரால் ஒரு கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டும் மூன்று உதிரிக் குச்சிகளும் சேர்ந்தால் பதின்மூன்று. இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் இருபத்தைந்து. நாற்றை முடியாகவும், வாழைக்காயைச் சீப்பாகவும் எண்ணிப் பழகிய விவசாயிக்கு இது புதியதன்று. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைக்கும் காட்டினால், பிற்காலத்தில் ஆசிரியர் பத்தின் இடம், ஒன்றின் இடம் என்று கரும்பலகையில் எழுதும்போது, அது அவனுக்குத் தெரிந்த செய்தியாக இருக்கும்.

இன்னொரு சிறு குறிப்பு: நெல் அளப்போர் முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. களத்தில் நிற்கும் குழந்தை, ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று கேட்டுக் குழம்பக்கூடும். மங்கலம் கருதி அவ்வாறு சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை விளக்கிவிட்டு, “இது எத்தனையாவது மரக்கால்?” என்று கேட்டால், அளக்கும் களமும் பள்ளியாகும்.

தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளிலும், தமக்கெனத் தனிமொழி உடைய பழங்குடியினர் வீடுகளிலும், குழந்தை முதலில் தன் வீட்டு மொழியிலேயே எண்ணட்டும். ஐந்து என்னும் தொகை விளங்கிவிட்டால், அதற்குரிய தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பின்னர் கற்பது எளிது. தொகை விளங்காமல், ‘ஒன், டூ, த்ரீ’ என்று ஒப்பிப்பதால் யாதொரு பயனும் இல்லை.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டுள்ளது. ஆரம்பக் கல்வியும், பெண்கள் குழந்தைகள் முன்னேற்றமும் அப்பட்டியலில் உள்ளன. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் நடைபெறுகின்றன. அங்கே உணவளிப்பதோடு முன்பருவக் கல்வியும் ஒரு பணியாகும். அங்கன்வாடியைச் சோறு போடும் இடம் என்று மட்டும் கருதுவது நம் ஊர்களில் இன்னும் மாறவில்லை. பள்ளியில் சேர்ந்த பின், தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புகளில் இவ்வடிப்படைத் திறன்களுக்கே முதலிடம் தந்தது. அங்கன்வாடியில் இட்ட விதை அங்கே முளைக்க வேண்டும்.

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் பல்லாண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆறு ஆய்வுகளைத் தொகுத்து, 2007ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. பிற்காலப் படிப்பின் தேர்ச்சியை முன்கூட்டிக் காட்டுவனவற்றுள், பள்ளியில் சேரும் பருவத்துக் கணக்கறிவே முதன்மையாக நின்றது என்பது அதன் முடிவு. ஆகவே இது சிறு பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதன்று.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில:

1. அங்கன்வாடிச் சுவரில் 1 முதல் 100 வரை எழுதி நிரப்புவதைக் காட்டிலும், 1 முதல் 10 வரை பெரிதாக எழுதி, ஒவ்வொன்றன் பக்கத்திலும் அத்தனை மாம்பழமோ கோழிக்குஞ்சோ வரையச் செய்தல். அவை குழந்தையின் கண்மட்டத்தில் இருத்தல் வேண்டும்.

2. வாயிற்படிகளிலும் முற்றத்துத் தரையிலும் எண்களை எழுதி, குழந்தைகள் தாண்டி விளையாட வழி செய்தல்.

3. பணியாளருக்கு ஈர்க்குக் கட்டுகள், கொட்டாங்கச்சிகள், மணல் தட்டு ஆகியவற்றை ஊரிலிருந்தே திரட்டித் தருதல். தச்சரிடம் சொன்னால் மிஞ்சிய மரத்துண்டுகளை இழைத்துத் தருவார்.

4. தண்ணீர் கொணர்வதிலும் பிற வேலைகளிலும் பணியாளரின் பொழுது கழியாதவாறு பார்த்துக்கொள்ளுதல். குழாயைச் செப்பனிட்டுக் கொடுப்பதும் கல்விப் பணியே.

5. ஐந்து வயது நிறைந்தும் மூன்று பொருள்களை எண்ண இயலாத குழந்தை இருப்பின், அதை ‘மந்தம்’ என்று பெயரிடாமல், கண்பார்வையையும் செவிப்புலனையும் மருத்துவரிடம் சோதிக்கச் செய்தல்.

6. எல்லாவற்றிற்கும் மேலாக, கிராம சபையிலோ பள்ளி விழாவிலோ குழந்தைகளை நிறுத்தி நூறு வரை ஒப்பிக்கச் செய்து பரிசளிக்கும் வழக்கத்தைக் கைவிடுதல். குழந்தைகளின் அறிவை ஊரார் காண விரும்பினால், ஒரு தட்டில் பழங்களை வைத்து, “முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொன்று கொடு” என்று சொன்னால் போதும். தவறுகிற குழந்தைக்கு அருகிலிருந்து உதவ வேண்டும். சபையில் எவரும் சிரித்தல் கூடாது.

நிறைவாக

கொய்யாப்பழம் கொணர்ந்த சிறுமியிடம், “எத்தனை பழம் எடுத்து வந்தாய்?” என்று அன்று கேட்டோம். தலை நிமிராமல், “அஞ்சு” என்றாள். “சரியாக எண்ணினாய், அம்மா, அன்றைக்குச் சபையில் நாங்கள்தாம் சரியாகக் கேட்கவில்லை” என்று அவள் பாட்டியும் கேட்கும்படி கூறினோம். அவள் உடனே நம்பிவிடவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் தொடர்ந்து பல நாட்கள் காலையில் வீட்டுக்கே வந்து, “உன் கையால் எல்லாருக்கும் தட்டு வைக்க வேண்டுமே, பாப்பா” என்று அழைத்த பிறகுதான் மீண்டும் வரலானாள். ஒரு நொடிச் சிரிப்பால் விளைந்த தீங்கை நீக்கப் பல நாள் உழைப்பு தேவைப்பட்டது. பரிசு பெற்ற சிறுவனும் அவளருகில் அமர்ந்து தட்டுகளை எண்ணி வைக்கப் பழகினான். சில வாரங்களில் ஐந்து கேட்டால் ஐந்து கொடுத்தான். அதற்குப் பின், அவன் முன்பே அறிந்திருந்த நூறு பெயர்களும் அவனுக்குப் பயன்படத் தொடங்கின.

இவ்விதழைப் படித்து முடித்தவுடன், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள நான்கு வயதுக் குழந்தையை அன்போடு அழைத்து, ஐந்து எலுமிச்சம்பழம் எடுத்து வரச் சொல்லுங்கள். சரியாகக் கொணர்ந்தால் பாராட்டுங்கள். கூடவோ குறையவோ கொணர்ந்தால், பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சேர்ந்து எண்ணுங்கள். இவ்வெளிய பணியைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தத்தம் ஊர்களில் இன்றே தொடங்குவார்களாக.